முதல் ரிவ்யூவில் ப்ராஜெக்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், தலைப்பையே மாற்ற வேண்டுமா?

நாலுபேர்_டீம்

வணக்கம். எலெக்ட்ரிகல் கடைசி வருடம், டீமில் நாலு பேர். நேற்று முதல் ரிவ்யூ. எங்கள் தலைப்பு "செயற்கை நுண்ணறிவும் ஐஓடியும் கொண்டு தொழிற்சாலை மோட்டார்களின் பழுதை முன்கூட்டியே கணிக்கும் ஸ்மார்ட் அமைப்பு". பதினைந்து ஸ்லைடு தயாராக வைத்திருந்தோம், நாலாவதிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பேனலில் மூன்று பேர். ஒருவர் "எந்த மோட்டார், எந்தப் பழுது" என்று கேட்டார். "எல்லா மோட்டாரும் சார்" என்றேன், பேனாவை மூடிவைத்துவிட்டார். அடுத்தவர் "சென்சார் வாங்குகிறீர்கள், போர்டு வாங்குகிறீர்கள், புரோகிராமை இறக்கிக்கொள்கிறீர்கள், இதில் நீங்கள் டிசைன் செய்வது எது" என்றார். மூன்றாமவர் ஒன்றுமே கேட்கவில்லை, அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

எங்கள் திட்டம் இதுதான்: எம்பியு6050 சென்சாரை மோட்டார் மேல் ஒட்டி அதிர்வை எடுப்பது, ஈஎஸ்பி32 போர்டு வழியாகப் படித்து லோரா என்ற தொலைதூர ரேடியோவில் அனுப்புவது, மடிக்கணினியில் நியூரல் நெட்வொர்க் வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வைப்பது. கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பொதுவில் போட்டிருக்கும் பேரிங் டேட்டாவில் ஓட்டிப் பார்த்தோம், 99 சதவீதம் வந்தது. அதைக் காட்டியும் யாரும் அசையவில்லை. கைடு நல்லவர்தான், ஆனால் "நீங்களே யோசித்து வாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். 10 நாளில் திரும்பப் போக வேண்டும். தலைப்பை விட்டுவிடலாமா, இல்லை இதையே வேறு மாதிரி எழுதினால் தேறுமா? திட்டினாலும் பரவாயில்லை, நேராகச் சொல்லுங்கள்.

போனவருசம்

ப்ரோ, உங்களுக்கு ஒரு தடவைதான், எங்களுக்கு இரண்டு தடவை திரும்பி வந்தது. எங்களுடையது "நடந்தால் மின்சாரம் தரும் தரை". படம் எல்லாம் பிரமாதமாகப் போட்டிருந்தோம். பேனலில் ஒரு மேடம் கரும்பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்: 70 கிலோ ஆள், தரை 5 மில்லிமீட்டர் அமுங்குகிறது, 70 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.005, ஆக ஒரு அடிக்கு 3.4 ஜூல். அதுவும் துளி வீணாகாமல் முழுதாகப் பிடித்தால். 10 வாட் விளக்கு மூன்றில் ஒரு பங்கு நொடி எரியும், அடுத்த அடிக்குக் காத்திருக்க வேண்டும். அதை நாங்களே போட்டுப் பார்த்திருந்தால் அந்த அறைக்குள் போயிருக்கவே மாட்டோம். ஐந்து நிமிடக் கணக்கு, ஆனால் ஒன்றரை மாதமாக நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அதே தரையை வைத்து எத்தனை பேர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று எண்ணும் கருவியாக மாற்றினோம். எண்ணுவதற்கு ஜூல் தேவையில்லை, சிக்னல் இருந்தால் போதும். அப்ரூவ் ஆகிவிட்டது. தலைப்பை முழுக்கத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

சும்மா_கேட்டேன்

எதற்கு இவ்வளவு கஷ்டம். கைடு எந்த ஏரியாவில் பேப்பர் போடுகிறாரோ அதில் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அவரே பேனலில் உங்களுக்காகப் பேசுவார். ஏஐ என்ற வார்த்தை இல்லாவிட்டால் "பழைய ப்ராஜெக்ட்" என்பார்கள், இருந்தால் "உங்கள் டிசைன் எங்கே" என்பார்கள். அன்றைக்கு அவர்கள் மூடு எப்படியோ அப்படித்தான், வேறொன்றும் இல்லை.

பழைய_பேனல்

பல வருடம் அந்தப் பக்க நாற்காலியில் உட்கார்ந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேலே சொன்னவருக்கு. மூடு உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மதியத்துக்கு மேல் பன்னிரண்டாவது டீமாக வருபவர்கள் பாவம்தான். கைடின் ஏரியாவில் எடுக்கச் சொன்னதும் தப்பில்லை, காரணம்தான் வேறு: அவரிடம் கருவிகள் இருக்கும், எது எங்கே சொதப்பும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பேனலில் கைடு உங்களுக்காக வாதாட ஆரம்பித்தாலே மற்ற இருவருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

இப்போது தம்பி, உங்கள் விஷயம். "எந்த மோட்டார், எந்தப் பழுது" என்ற கேள்விக்கு "எல்லாம்" என்று பதில் வந்தால் பேனா மூடத்தான் செய்யும். "எல்லாம்" என்றால் எதையும் சோதித்துக் காட்டப்போவதில்லை என்றுதான் எங்கள் காதில் விழும். வருடக் கடைசியில் நீங்கள் வந்து நிற்கும்போது "சொன்னதைச் செய்தார்களா" என்று பார்க்க எங்களுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலை நீங்களே கொடுத்துவிட்டால் பாதி அப்ரூவல் அங்கேயே முடிந்தது. அதனால் ஒரு மோட்டார், ஒரு பேரிங், ஒரு பழுது. அதற்குப் பக்கத்தில் எண்கள்: எந்த வேகத்தில், எவ்வளவு பெரிய பழுதை, எத்தனை நொடியில், எத்தனை தடவைக்கு ஒரு தடவைக்கு மேல் தவறாக அலாரம் அடிக்கக் கூடாது. இதை ஒரே வாக்கியமாக எழுத முடியவில்லை என்றால் ப்ராஜெக்ட் இன்னும் பிறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 99 சதவீதத்தைப் பார்த்து யாரும் அசையாததற்கும் காரணம் இருக்கிறது. அந்த டேட்டாவில் ஒவ்வொரு பழுதுக்கும் நீளமான பதிவுகள் இருக்கும், அதைத் துண்டு துண்டாக வெட்டி, கலைத்துப் போட்டு, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் எடுத்திருப்பீர்கள், சரியா? ஒரே பதிவின் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் இரண்டு பக்கமும் போய்விட்டால் நெட்வொர்க் பழுதைக் கற்றுக்கொண்டதா, அந்தப் பதிவை அடையாளம் கண்டுகொண்டதா என்றே சொல்ல முடியாது. அதில் 0 முதல் 3 குதிரைத்திறன் வரை நாலு லோடு இருக்கிறது, 0.007, 0.014, 0.021 அங்குலம் என்று பழுதின் அளவும் தனித்தனியாக இருக்கிறது. ஒரு பழுது அளவை முழுசாக ஒளித்துவைத்துவிட்டு மற்றதில் பயிற்சி கொடுத்து ஓட்டிப் பாருங்கள். எண் கீழே இறங்கும். இறங்கிய எண்ணோடு வந்தால், இறங்காத எண்ணோடு வந்தவரைவிட மரியாதை அதிகம். நான் கண்ணால் பார்த்தது.

"டிசைன் எது" என்று கேட்டவர் கேட்டதுதான் இரண்டிலும் முக்கியமான கேள்வி. வாங்கிய பொருள்களைக் கோத்தால் டிசைன் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. ஏன் இதை வாங்கினாய், வேறு எதை வேண்டாம் என்று விட்டாய், எந்தக் கணக்கை வைத்து, அதுதான் கேள்வி. அதிர்வு, மோட்டார் கரண்ட், வெப்பம், சத்தம் என்று நாலு வழி இருக்கிறது. ஒன்றை அடிப்படையாக வைத்து மற்றதை அதோடு ஒப்பிட்டு, கூடுதலா குறைவா சமமா என்று குறி போடும் அட்டவணை ஒன்று உண்டு, ஸ்டுவர்ட் பியூ (Pugh) என்ற பிரிட்டிஷ் டிசைன் பேராசிரியரின் முறை, உங்கள் டிசைன் பாடத்திலேயே வந்திருக்கும். போடுங்கள். ஆனால் முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கேற்ற மாதிரி மதிப்பெண்ணைப் பின்னால் ஒட்டாதீர்கள், நாலு வரிசை பார்த்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒன்றுமே கேட்காதவரைப் பற்றிப் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அவர் பசியில் இருந்திருப்பார்.

கிரீஸ்கை

நான் பிளான்ட்டில் மெயின்டனன்ஸ், பேரிங்தான் சோறு. சார் சொன்ன "ஒரு பேரிங், ஒரு பழுது" என்பதைப் பிடித்துக்கொண்டு உங்கள் திட்டத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்க்கிறேன், அப்போது டிசைன் எங்கே இருக்கிறது என்று தானாகவே தெரியும்.

6205 பேரிங் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் ஓட்டிப் பார்த்த டேட்டாவிலும் மோட்டாரின் டிரைவ் பக்கம் இருப்பது அதுதான். 9 பந்து. வெளிவளையத்தில் ஒரு குழி விழுந்தால் தண்டு ஒரு சுற்று சுற்றும்போது 3.585 தடவை தட்டும். உள்வளையத்தில் விழுந்தால் 5.415. 4 போல் மோட்டார், 50 ஹெர்ட்ஸ், லோடில் 1440 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 24 சுற்று, ஆக வெளிவளையத் தட்டல் 86 ஹெர்ட்ஸ். லோடே இல்லாமல் 1500க்குப் பக்கத்தில் ஓடினால் 89.6. பார்த்தீர்களா, லோடைப் பொறுத்து மூன்றரை ஹெர்ட்ஸ் நகர்கிறது, அதனால் தண்டு வேகத்தை அளக்க ஒரு ஹால் சென்சார் கட்டாயம் வேண்டும். உங்கள் திட்டத்தில் அது இல்லை. இது முதல் டிசைன் முடிவு.

அடுத்தது சென்சார். 86 ஹெர்ட்ஸ்தானே, எம்பியு6050 போதுமே என்று தோன்றும். பழுது ஆரம்பத்தில் 86 ஹெர்ட்ஸில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தட்டலும் சின்னச் சுத்தியல் அடி மாதிரி, அதில் பேரிங்கும் ஹவுசிங்கும் பல கிலோஹெர்ட்ஸில் மணி அடித்த மாதிரி அதிரும், அந்த மணிச் சத்தம் நொடிக்கு 86 தடவை வந்து வந்து அடங்கும். உயர் அதிர்வெண்ணைப் பிடித்து அதன் என்வலப்பை, அதாவது ஏறி இறங்கும் மேல்விளிம்பை எடுத்து, அதற்கு எஃப்எஃப்டி (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று பிரிக்கும் கணக்கு) போட்டால்தான் 86 தலை தூக்கும். எம்பியு6050இல் அதிர்வுப் பகுதியின் பேண்ட்வித் அதிகபட்சம் 260 ஹெர்ட்ஸ். மணிச் சத்தம் அதன் காதிலேயே விழாது. ஏடிஎக்ஸ்எல்1002 மாதிரி 11 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் சென்சார் வேண்டும். அது அனலாக், அதனால் சாம்ப்ளிங் உங்கள் பொறுப்பு.

10 கிலோஹெர்ட்ஸ் வரை பார்க்க நாங்கள் வழக்கமாக 2.56 மடங்கு, அதாவது நொடிக்கு 25,600 சாம்பிள் எடுப்போம். ஒரு சாம்பிளுக்கு 2 பைட் என்றால் நொடிக்கு 51,200 பைட், கிட்டத்தட்ட 410 கிலோபிட். லோரா வழக்கமான 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், வேகமான செட்டிங்கிலேயே ஏறக்குறைய 5.5 கிலோபிட்தான் தரும். எழுபது மடங்குக்கு மேல் இடிக்கிறது. ஆக மடிக்கணினிக்கு மொத்தத்தையும் அனுப்பும் யோசனை செத்தது, மோட்டார் பக்கத்திலேயே என்வலப்பையும் எஃப்எஃப்டியையும் முடித்துவிட்டு நாலைந்து எண்ணை மட்டும் அனுப்ப வேண்டும். ஈஎஸ்பி32இல் மொத்தம் 520 கிலோபைட் ரேம், 10 நொடிப் பதிவே 512 கிலோபைட், நிற்காது. ஒரு நொடி எடுத்தால் 1 ஹெர்ட்ஸ் துல்லியம் வந்துவிடும், 86ஐயும் பக்கத்தில் கரண்ட்டால் வரும் 100 ஹெர்ட்ஸையும் பிரித்துப் பார்க்க அது போதும்.

இதுதான் தம்பி உங்கள் டிசைன். இதை ஏன் ஸ்லைடில் வைக்கவில்லை?

இன்னொன்று, சென்சாரை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி வைத்தால் மேலே சொன்னது எல்லாம் வீண், மெத்தென்ற டேப் உயர் அதிர்வெண்ணை விழுங்கிவிடும். திருகில் மாட்டுங்கள், முடியாவிட்டால் கெட்டியாக இறுகும் பசை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டேப் ஒட்டி எடுத்த ரிப்போர்ட்டில் ஒரு ப்ளோயருக்கு "நல்ல நிலை" என்று கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் நள்ளிரவில் போன் வந்தது.

நாலுபேர்_டீம்

கிரீஸ்கை அண்ணா, பழைய_பேனல் சார், கைகூப்புகிறேன். இரண்டு நாள் நாலு பேரும் இதையே கட்டிக்கொண்டு கிடந்தோம். ஒரு பழுது அளவை ஒளித்துவைத்து ஓட்டினோம், 99 இருந்த இடத்தில் 71. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

திருத்தி எழுதியது இது:

"1440 ஆர்பிஎம்மில் ஓடும் தண்டில், 6205 பேரிங்கின் வெளிவளையத்தில் செயற்கையாக உண்டாக்கிய 1 மில்லிமீட்டர் அகலப் பழுதை, 10 நொடிக்குள், மோட்டார் பக்கத்திலேயே கணக்கிட்டுக் கண்டறியும் கருவி. நல்ல பேரிங்கில் தவறான அலாரம் 100 பதிவுக்கு 1க்கு மேல் போகக் கூடாது."

நியூரல் நெட்வொர்க்கை எடுத்துவிட்டோம், என்வலப்பில் அந்த அதிர்வெண்ணின் உயரம் ஒரு எல்லையைத் தாண்டினால் அலாரம், அவ்வளவுதான். டீமில் ஒருவனுக்கு இதில் வருத்தம், ஏஐ இல்லாமல் ரெஸ்யூமில் என்ன எழுதுவது என்கிறான். சென்சார், வேகம், டேட்டா அளவு, லோரா கணக்கு எல்லாம் ஒரே ஸ்லைடில் கொண்டுவந்துவிட்டோம். வேறு எங்கே அடிப்பார்கள்?

பழைய_பேனல்

இப்போது இது ப்ராஜெக்ட் மாதிரி இருக்கிறது.

அடிக்கப்போகும் இடத்தைச் சொல்கிறேன். "100க்கு 1" என்று எழுதிவிட்டீர்கள், அதை நிரூபிக்க எத்தனை பதிவு எடுப்பீர்கள் என்று கேட்பேன், 100 என்று சொன்னால் மாட்டினீர்கள். 100 எடுத்து ஒரு தவறு கூட வராவிட்டாலும், உண்மையான விகிதம் 100க்கு 3 வரை இருக்கலாம் என்ற சந்தேகம் மிச்சம் இருக்கும். பூஜ்யம் தவறு வந்தால் 3ஐ எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மேல் எல்லை அதுதான். ஆக 300 நல்ல பதிவு, ஒன்றில் கூட அலாரம் அடிக்காமல். அதுவும் ஒரே நாளில் மோட்டாரை நிறுத்தாமல் 300 எடுத்தால் அது ஒரே பதிவை 300 தடவை எடுத்த மாதிரி. நாள் மாற்றி, பேரிங்கைக் கழற்றி மாட்டி, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் எடுங்கள். அதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று உங்கள் அட்டவணையில் இருக்கிறதா? எல்லா டீமும் கடைசி வாரத்தில் "டெஸ்டிங்" என்று ஒரு சின்னக் கட்டம் போட்டுக்கொண்டு வருவார்கள். கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வாருங்கள், இன்றைக்கே ஆர்டர் போட வேண்டியது எது என்று தெரிந்துவிடும்.

மாற்று வழியும் ஒன்று எழுதிவையுங்கள். சோதனை ரிக் தாமதமானால் அந்தப் பொது டேட்டாவை 12 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக உங்கள் போர்டுக்குள் செலுத்தி, கணக்குப் பகுதியை மட்டும் தனியாகச் சோதிப்போம் என்று இரண்டு வரி போதும். சுழலும் தண்டுக்கு மூடி, அவசர நிறுத்தப் பொத்தான், இதற்கு அரைப் பக்கம். இந்த அரைப் பக்கத்தைக் கொண்டுவந்த டீம்களை நான் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வருத்தப்படும் தம்பியிடம் சொல்லுங்கள், எளிய எல்லை முறை எங்கே தோற்கிறது என்று அளந்து காட்டிவிட்டு, அதன் மேல் ஏஐ எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறது என்று இரண்டாம் கட்டமாகச் செய்யட்டும். ரெஸ்யூமில் அந்த வாக்கியம் நன்றாகவே நிற்கும்.

நாலுபேர்_டீம்

அப்ரூவ் ஆகிவிட்டது! ஏழு ஸ்லைடுதான் போட்டோம், ஏழும் ஓடியது. ஒன்றுமே கேட்காத அந்த சார்தான் இந்தத் தடவை நிறையக் கேட்டார், 300 பதிவு எப்படி வந்தது என்று பலகையில் போடச் சொன்னார், போட்டேன். ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: அடுத்த ரிவ்யூவுக்குள் பழுதான பேரிங் கையில் இருக்க வேண்டும். இங்கேதான் முட்டுகிறோம், 6205இன் வெளிவளையத்துக்குள் 1 மில்லிமீட்டர் குழியை எப்படிப் போடுவது? பந்துகள் நடுவில் இருக்கின்றன, டூல் உள்ளே போகவில்லை.

கிரீஸ்கை

வாழ்த்துகள். 6205ஐப் பிரிக்க முயற்சி செய்யாதீர்கள், பந்துகளைப் பிடித்திருக்கும் கேஜ் நசுங்கிவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது கேஜின் பழுதைத்தான். என்205 உருளை பேரிங் எடுங்கள், அளவு அதே 25, 52, 15 மில்லிமீட்டர், உங்கள் ஹவுசிங்கிலேயே உட்காரும். அதில் வெளிவளையம் தனியாகக் கழன்று வரும். மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷினில் கொடுத்தால் ஓடுபாதையில் கோடு போட்டதுபோல் சுத்தமாக வெட்டித் தருவார்கள். இரண்டு விஷயம் மட்டும்: என் வகை அச்சுத் திசை விசையைத் தாங்காது, அதனால் தண்டின் மறுமுனையில் 6205 இருக்கட்டும். 3.585 என்பது இனி செல்லாது, உருளை எண்ணிக்கையும் விட்டமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாங்கியதை எண்ணி, அளந்து, புதிதாகக் கணக்குப் போடுங்கள். என்யு205 என்று ஒன்றும் இருக்கிறது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் கழன்று வருவது உள்வளையம்.

நாலுபேர்_டீம்

அண்ணா, டிபார்ட்மென்ட் ஸ்டோரில் புதுப் பெட்டியில் ஆறு இருக்கிறது, ஆறும் என்யு205. என்205 கேட்டால் வர ஐந்து வாரமாம், அடுத்த ரிவ்யூ நாலாவது வாரம். உள்வளையத்தில் பழுது போட்டால் என்ன ஆகும்?

கிரீஸ்கை

கொஞ்சம் கஷ்டம் கூடும், அவ்வளவுதான். வெளிவளையம் நின்ற இடத்தில் நிற்கும், உள்வளையம் தண்டோடு சுற்றும். அதனால் குழி லோடு விழும் பக்கம் வரும்போது பலமாகத் தட்டும், மேலே போகும்போது அடங்கும். ஸ்பெக்ட்ரத்தில் பழுது அதிர்வெண்ணுக்கு இரண்டு பக்கமும் 24 ஹெர்ட்ஸ் தள்ளி குட்டிக் கோடுகள் முளைக்கும். ஒரே உச்சத்துக்கு எல்லை வைத்தால் தவறவிடுவீர்கள், பக்கத்துக் கோடுகளையும் சேர்த்துக் கூட்டுங்கள். ஒரு நொடிப் பதிவு போதுமா என்று முதலில் சும்மா ஒரு சிக்னலை உருவாக்கிப் பாருங்கள்.

நாலுபேர்_டீம்

சரி அண்ணா. வாக்கியத்தில் 6205ஐ அடித்து என்யு205, "வெளிவளையத்தில்" என்பதை அடித்து "உள்வளையத்தில்" என்று மாற்றி, ஏன் மாற்றினோம் என்று நாலு வரியோடு கைடுக்கு அனுப்பிவிட்டேன். பேரிங்கில் உருளைகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம், இரண்டு பேருக்கு இரண்டு எண் வருகிறது, மார்க்கர் வைத்து மறுபடியும் எண்ணுகிறோம்.